ஆற்றுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஆச்சிக்குப் பாளையங்கோட்டை வெளியூர். திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் பாளை வந்துவிடும். இருந்தாலும் நான் ஆறாம் வகுப்புக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, "பிள்ளைய ஆத்தைத் தாண்டியா அனுப்பப் போற?" என்று அம்மாவிடம் கேட்டாள். கேலியில்லை, உண்மையான கவலை. ஆச்சியின் வாழ்க்கை முழுக்க ஆற்றுக்கு இந்தப் பக்கமே நடந்தது. பிறந்தது பேட்டையைத் தாண்டி ஒரு கிராமம், வாக்கப்பட்டது டவுன். இரண்டுக்கும் நடுவே ஓடுவது நெல்லைக் கால்வாய். ஆடி அமாவாசைக்கும் தைப்பூசத்துக்கும்தான் அவள் ஆற்றங்கரைக்குப் போவாள். மற்ற நாளெல்லாம் அவளுக்குத் தாமிரபரணி என்பது வீட்டுக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால்தான்.

அந்தக் கிராமத்தில் வாய்க்காலைக் கடக்க ஒரு கல்பாலம் உண்டு. மூன்று நீளக் கற்பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவில் ஒரே ஒரு கல்தூண் கொடுத்திருப்பார்கள். கைப்பிடி கிடையாது. விடுமுறைக்குப் போனால் நாங்கள் குதிப்பது அதிலிருந்துதான். நான் அறிந்த முதல் பாலம் அது. இரண்டாவது, பள்ளிக்கூடத்துக்குப் போக நாள்தோறும் இரண்டு தடவை கடந்த சுலோச்சன முதலியார் பாலம்.

ஒன்று கால்வாய்மேல், இன்னொன்று ஆற்றின்மேல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிய எனக்கு முப்பது வருஷம் ஆகிவிட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஊரின் கிடப்பைச் சொல்லிவிடுகிறேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். பெரிய நதிகளோடு வைத்துப் பார்த்தால் சின்ன ஆறு. ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே அதற்கு உண்டு. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம். அந்த ஆற்றின் இடது கரையில் திருநெல்வேலி டவுன், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். வலது கரையில் பாளையங்கோட்டை, பெயரே சொல்வதுபோலக் கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர். பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களால் பெயர் வாங்கியது. இரண்டையும் இன்று இரட்டை நகரங்கள் என்கிறார்கள். ஆனால் நெடுங்காலம் இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு இருந்த ஊர்கள்தான். டவுனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய். பாளைக்கும் மேலப்பாளையத்துக்கும் தண்ணீர் கொண்டுவந்தது பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பாளையங்கால்வாய். ஒரே ஆற்றிலிருந்து இரண்டு ஊரும் தனித்தனிக் கையால் அள்ளிக் குடித்தன. இந்தக் கைக்கு அந்தக் கை தேவைப்படவில்லை.

பாலத்தின் கதை எல்லாருக்கும் தெரியும். கால்வாயின் கதைதான் யாரும் சொல்வதில்லை. அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து கீழே வந்தால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1869க்கும் 1873க்கும் இடையில் கட்டியது. இந்த எட்டிலிருந்தும் பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. மொத்த ஆயக்கட்டு, அதாவது இந்தத் தண்ணீர் பாயும் நிலம், 86,107 ஏக்கர். இதில் இன்றைய திருநெல்வேலி மாவட்டப் பகுதிக்கு 40,000 ஏக்கர், மருதூரிலிருந்து கீழே தூத்துக்குடி மாவட்டத்துக்கு 46,107 ஏக்கர். எங்கள் நெல்லைக் கால்வாயின் பங்கு 6,410 ஏக்கர், எதிர்க்கரைப் பாளையங்கால்வாயின் பங்கு 9,500 ஏக்கர்.

நதியுண்ணி என்ற பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நதியை உண்பது. ஒரு அணைக்கட்டுக்கு இப்படிப் பெயர் வைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்து ஒரு தடவை கும்பிட வேண்டும் என்று தோன்றும்.

அணைக்கட்டு என்றதும் பாபநாசம் அணையையோ மணிமுத்தாறு அணையையோ மனதில் கொண்டுவரக் கூடாது. அவை தண்ணீரைத் தேக்கி வைப்பவை. அணைக்கட்டு ஒன்றையும் தேக்காது. ஆற்றின் குறுக்கே ஆளுயரத்துக்கு ஒரு கல்சுவர், அவ்வளவுதான். தண்ணீர் மட்டத்தை நாலைந்து அடி உயர்த்தி, ஒரு பகுதியைக் கால்வாயின் வாய்க்குள் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தலைக்குமேல் போகவிடும். பழைய அணைக்கட்டுகள் பெரும்பாலும் ஆற்றுக்கு நேர்குறுக்காக இருக்காது. சாய்வாக, ஆற்றுக்குள் ஏற்கெனவே கிடக்கும் பாறைகளைத் தொட்டுத் தொட்டு வளைந்து போகும். மருதூர் அணைக்கட்டு குதிரை லாடம்போல வளைந்திருக்கும். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. சுவர் நீளமாக நீளமாக, வெள்ளம் மெல்லிய பாயாக விரிந்து விழும். ஒரே இடத்தில் முட்டி உடைக்காது. சாய்வான சுவர் தண்ணீரைத் தானாகவே கால்வாய் வாய்ப்பக்கம் ஒதுக்கிக் கொடுக்கும். பாறையே அஸ்திவாரம் என்பதால் தோண்டவும் வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய கணக்கு கால்வாயில் இருக்கிறது. ஆறு வேகமாகச் சரிந்து இறங்கும். அதிலிருந்து பிரியும் கால்வாயை அதே வேகத்தில் இறங்கவிடக் கூடாது. விட்டால் அது இன்னொரு ஆறாகிவிடும், வயலுக்கு ஏறாது. ஆகவே நிலத்தின் மட்டத்தைத் தேடித்தேடி, கண்ணுக்கே தெரியாத சரிவில் மெல்ல நடத்திக்கொண்டு போக வேண்டும். பத்து கிலோமீட்டர் போவதற்குள் ஆறு பள்ளத்தில் இருக்கும், கால்வாய் மேட்டில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலம் முழுக்க மடை திறந்தால் போதும், தானாகப் பாயும். எந்த எந்திரமும் வேண்டாம். வழியில் இருக்கும் குளங்களைக் கால்வாய் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போகும். நெல்லைக் கால்வாய் நிரப்பும் குளங்களில் ஒன்று டவுனை ஒட்டிய நயினார்குளம். வயலில் பாய்ந்து வடிந்த தண்ணீர் ஓடைகள் வழியாகத் திரும்ப ஆற்றுக்கே வரும். அதை அடுத்த அணைக்கட்டு பிடித்துக்கொள்ளும். ஒரே தண்ணீர் கடலுக்குப் போவதற்குள் இரண்டு மூன்று ஊருக்குச் சோறு போட்டுவிடும்.

இந்த மட்டத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை இருக்கிறது. ஆச்சி சொன்ன மாதிரியே சொல்கிறேன். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிராமணருக்குப் பெரிய செல்வம் கிடைத்தது. அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ள மனமில்லாமல் பொதிகையில் அகத்தியரிடம் போய்க் கேட்டார். "தண்ணீர்த் தருமம் செய். உன் முன்னால் ஒரு பசு வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போ. அது போகிற வழியில் கால்வாய் வெட்டு, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு, கோமியம் விடுகிற இடத்தில் மடை வை" என்றார் முனிவர். அவரும் அப்படியே செய்தார்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்குப் பசுவின் வால்தான் பிடித்திருந்தது. பிறகு ஒரு நாள் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையிலேயே நாலைந்து மைல் நடந்தேன். அப்போது ஒன்று உறைத்தது. மேயப் போகும் மாடு மேட்டில் ஏறாது, பள்ளத்தில் இறங்காது. எங்கே கால் வலிக்காதோ அந்த மட்டத்திலேயே சுற்றிக்கொண்டு போகும். கால்வாய் போக வேண்டிய வழியும் அதேதான். நிலத்தை நன்றாகப் படித்த யாரோ ஒருவரின் அறிவு, அடுத்த தலைமுறைக்கு மறக்காமல் போய்ச் சேர்வதற்காகப் பசுவின் வடிவம் எடுத்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். சேரன்மகாதேவியில் இதே கால்வாய்க் கரையில் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை பொய்த்தால் மிளகை அரைத்து அவர் மேனியில் பூசி அபிஷேகம் செய்வார்கள். அந்தத் தண்ணீர் ஓடிக் கால்வாயில் கலந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. எரிச்சல் தாங்காமல் பிள்ளையார் மழையைக் கூப்பிடுவாராம்.

கால்வாய் வெட்டிய மன்னர்களின் பெயரில் சில மிஞ்சியிருக்கலாம். கால்வாயை நடத்தியவர்களின் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊருக்கு ஊர் மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி என்று ஆட்கள் இருந்தார்கள். எந்த வயலுக்கு எந்த நேரம், எந்த மடையில் எத்தனை விரல் தண்ணீர் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள்தான். அடைமழையில் குளம் உடையப் போகிற ராத்திரியில் தண்ணீருக்குள் மூழ்கி மடையைத் திறப்பதும் அவர்கள் வேலை. கூலியாக அறுவடையில் களத்து நெல். ஆச்சி வீட்டு வயலுக்குத் தண்ணீர் விட்டவரை நாங்கள் 'குடும்பன் தாத்தா' என்போம். அவர் மண்வெட்டியின் பூண் சத்தத்தை வைத்தே, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஆச்சி சொல்வாள்.

சரி, பாலத்துக்கு வருவோம்.

ஆங்கிலேயர் காலத்தில் மாவட்ட நிர்வாகம் ஆற்றின் வலது கரையில், கொக்கிரகுளம் பக்கம் போய் உட்கார்ந்தது. அதோடு இரண்டு ஊரின் தனித்தனி வாழ்க்கை முடிந்தது. வரி, வழக்கு, மனு எல்லாவற்றுக்கும் டவுன்காரர்கள் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். இருந்தது படகு மட்டும். கோடையில் மணலில் நடந்து போய்விடலாம். வெள்ளக் காலத்தில் படகுத்துறையில் கூட்டம் நெரியும், முந்துவதற்கு அடிதடி நடக்கும், படகு கவிழும். தண்ணீர் ஏறிவிட்டால் நாள்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

1840இல் கலெக்டராக வந்த ஈ. பி. தாம்சன் இதற்குப் பாலம் கட்ட முடிவெடுத்தார். வடிவமைத்தவர் கேப்டன் ஃபேபர், கட்டி முடித்தவர் டபிள்யூ. எச். ஹார்ஸ்லி. லண்டன் தேம்ஸ் நதியின் பழைய வாட்டர்லூ பாலத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் 60 அடி அகலத்தில் பதினொரு வளைவுகள், மொத்தம் சுமார் 760 அடி நீளம். திட்டம் தயார், பணம் இல்லை. மக்களிடம் நன்கொடை திரட்டலாம் என்று பேச்சு வந்தது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்த சுலோச்சன முதலியார், ஊரைத் துன்பப்படுத்தி வசூலிப்பதற்குப் பதிலாகத் தானே தருகிறேன் என்று சுமார் அரை லட்ச ரூபாயைத் தூக்கிக் கொடுத்தார். அவருடைய மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தாள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அரை லட்சம் என்பது அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் ஏழு தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடும் காசு.

சிறைக் கைதிகளையும் வேலையில் இறக்கிக் கட்டிய அந்தப் பாலம் 1843 நவம்பரில் திறந்தது. முதலியாரை முன்னால் நடக்கவிட்டு, கலெக்டரும் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கும்பினி ஆட்சி நடந்த காலத்தில் ஒரு சிரஸ்தாருக்குப் பின்னால் கலெக்டர் நடந்து வந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 180 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏறி, "சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி இறக்கிவிடுங்க அண்ணாச்சி" என்று இன்றும் அவர் பெயரைச் சொல்லாமல் நாங்கள் ஊரைக் கடக்க முடியாது.

ஆறு அந்தப் பாலத்தைச் சும்மா விடவில்லை. 1869 வெள்ளத்தில் சில வளைவுகள் விழுந்தன. 1871இல் மறுபடி கட்டினார்கள். போக்குவரத்து பெருகியபோது 1960களின் கடைசியில் பக்கவாட்டில் அகலப்படுத்தினார்கள். சில வருஷங்களுக்கு முன் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு பாலமும் வந்துவிட்டது. கீழே படித்துறையில் நின்று பார்த்தால்தான் பழைய வளைவுகளின் அழகு தெரியும். மேலே போகிறவர்களுக்கு அது வெறும் தார் ரோடு.

1992 நவம்பர் வெள்ளத்தில் அப்பா என்னை ஜங்ஷன் வரைக்கும் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆறு என்று நான் நினைத்திருந்தது அங்கே இல்லை. செம்மண் நிறத்தில் ஒரு கடல், மரங்களையும் கூரைகளையும் உருட்டிக்கொண்டு போனது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதில் எதுவரை தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஊர்க்காரர்கள் வெள்ளத்தை அளப்பார்கள். அன்றைக்கு அளக்கக் கோயிலே தெரியவில்லை. பாலத்தைக் காட்டி, "அசையாம நிக்கி பாரு" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்தது பெருமையா பயமா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

அந்தப் பாலத்தடியில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லியும் ஊர்வலம் வந்தது. அதே தாமிரபரணியின் மலைப்பகுதியில், அட்டைக்கடியில் கொழுந்து கிள்ளியவர்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தை நெருங்கும்போது போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். அதில் பெண்களும் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. சாயங்காலம் பஸ் ஓடவில்லை. முருகன்குறிச்சியில் ஒரு கடை வாசலில் நின்றோம். இருட்டிய பிறகு அப்பா வந்து சுற்றுவழியாகக் கூட்டிப் போனார். ஆறு வருஷமாக நாள்தோறும் நான் சிரித்துப் பேசிக்கொண்டு கடந்த இடம் அது. மனு கொடுக்கக் கலெக்டர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் படகு கவிழ்ந்து சாகக் கூடாது என்றுதானே முதலியார் தன் சொத்தைக் கொடுத்தார்? மனுவோடு வந்தவர்கள் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஆற்றில் செத்தார்கள். ஒவ்வொரு ஜூலை 23லும் அந்தக் கரையில் மலர் தூவுகிறார்கள். நான் ஊரில் இருந்தால் போவேன்.

பாலங்கள் அப்புறம் நிறைய வந்தன. 1923இல் திருச்செந்தூருக்கு ரயில் பாதை போட்டபோது ஆற்றின்மேல் ரயில் பாலமும் வந்தது. டவுனிலிருந்து ஜங்ஷனுக்கு வரும்போது தண்டவாளத்தைத் தாண்டுகிற ஈரடுக்கு மேம்பாலம் 1973இல் வந்தது. மேலே பஸ், லாரி. கீழ்த்தட்டில் சைக்கிளும் நடப்பவர்களும். இந்தியாவிலேயே இந்த மாதிரி முதல் பாலம் அதுதான் என்று வெளியூர் உறவினர்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டுவோம். ஆறும் இல்லை, கால்வாயும் இல்லை, ஆனாலும் ஊருக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசம்.

பாலமும் கால்வாயும் ஒன்றாகவே இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது ஸ்ரீவைகுண்டம். எட்டாவது அணைக்கட்டின்மேலேயே பாலமும் போகிறது. கீழே ஆற்றை மறித்து வடகால், தென்கால் இரண்டுக்கும் தண்ணீர் திருப்புகிறது. மேலே ஜனங்கள் வடகரைக்கும் தென்கரைக்கும் போய்வருகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த கட்டுமானம் அது. சுலோச்சன முதலியார் பாலத்தைவிடவும் என்று சொன்னால் டவுன்காரர்கள் அடிக்க வருவார்கள், ஆனால் உண்மை அதுதான். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, ஆற்றுக்குத் தென்புறம் புதுக்குடிப் பக்கம் இருக்கிறது. ஆகவே ரயிலுக்குப் போகிற ஒவ்வொருவரும் ஆற்றைத் தாண்டியே போக வேண்டும்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி அந்த ரயில் நிலையத்தில்தான் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் 62. குளங்கள் வரிசையாக உடைந்தன. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியையும் மண்ணையும் தண்ணீர் அரித்துக்கொண்டு போக, வெறும் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் எல்லாரையும் மீட்க முடிந்தது. ஏரலில் பாலத்தை ஒட்டிய சாலையையே ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. பாலம் நிற்கிறது, போய்ச்சேர வழி இல்லை. என் அத்தை வீடு ஏரல். மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. நாலாவது நாள் கிடைத்தபோது, "நாங்க இருக்கோம்ல, ஆனா ஊரு தீவாயிட்டு" என்றாள். ஆறு நினைத்தால் இருநூறு வருஷப் பழக்கத்தையும் ஒரே ராத்திரியில் கலைத்துப் போட்டு, இந்தக் கரை வேறு அந்தக் கரை வேறு என்று ஆக்கிவிடும்.

அந்த வெள்ளத்தைப் பார்த்துவிட்டுப் பலரும் பேசியது புதுக் கால்வாயைப் பற்றித்தான். கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து, கருமேனியாறு, நம்பியாறு இரண்டோடும் தாமிரபரணியைச் சேர்க்கும் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். 2009இல் தொடங்கி, இழுத்து இழுத்து, 2024இல்தான் சோதனையாகத் தண்ணீர் விட்டார்கள். கடலுக்குப் போகிற வெள்ளத்தில் ஒரு பகுதியைத் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுக்குக் கொண்டு போவதுதான் நோக்கம். அகலமாக, நேராக, எந்திரத்தால் வெட்டியது. எந்த மாடும் அந்த வழியில் நடந்திருக்காது. வறண்ட பூமிக்குத் தண்ணீர் போவதில் எனக்கு முழு மகிழ்ச்சி. அதன் கரையில் நின்றபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. கால்வாய் வெட்டிய இடத்தில் ஊர் இந்தப் பக்கமும் வயல் அந்தப் பக்கமுமாகப் பிரிகிறது. ஆகவே வழிநெடுக அதன்மேல் புதுப் பாலங்கள். கால்வாய் என்று ஒன்று வந்தாலே பாலமும் வந்தாக வேண்டும். ஆச்சி ஊர்க் கல்பாலமும் இப்படி வந்ததுதானே? முதன்முதலில் அந்த வாய்க்கால் வெட்டிய வருஷம், வயலுக்குப் போக வழியில்லாமல் நின்ற யாரோ நாலு பேர் மூன்று கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை.

நெல்லைக் கால்வாய் இப்போது இருக்கும் நிலையைச் சொல்ல வயிறு எரிகிறது. டவுனுக்குள் நுழைந்ததும் இருபுறமும் வீடுகளின் சாக்கடை அதில்தான் விழுகிறது. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. பழைய படித்துறைகளின்மேல் குப்பை. ஆற்றங்கரையில் நடைபாதை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் கால்வாயை யாரும் ஆறாக நினைப்பதில்லை. டவுனில் இன்றைக்கு ஒரு பையனிடம் கேட்டால் 'ட்ரைனேஜ்' என்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவன் பார்த்தது அதைத்தானே. என் ஆச்சி அதைத் தாமிரபரணி என்றாள். அதே தண்ணீரில் குளித்து, அதே தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டு, அதே கரையில் பிள்ளைகளை வளர்த்தாள். அவளுக்குத் தனியாக ஆற்றுக்குப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆறு அவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த ஒரு ஜூனில் ஊரில் இருந்தேன். சுத்தமல்லி அணைக்கட்டுக்குப் போய் ஷட்டர் திறந்திருப்பதைப் பார்த்தேன். கால்வாயின் வாய்க்குள் தண்ணீர் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. தலைமடையில் ஒரு பெரியவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, நயினார்குளத்துக்கு எப்ப போய்ச் சேரும்?" என்று கேட்டேன். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். ஆச்சி ஊர்ப் பெயரையும் சொன்னேன். உடனே முகம் மாறிவிட்டது. "அங்க நாளைக்கு மத்தியானம் வந்துரும். டவுனுக்கு ரெண்டு நாளாவும். நடுவுல குப்பை தடுக்கும்லா" என்றார்.

மறுநாள் மத்தியானம் கல்பாலத்தில் போய் உட்கார்ந்தேன். வாய்க்கால் காய்ந்து, நடுவில் வெடிப்பு விட்டிருந்தது. தூணில் பழைய வெள்ளக் கறை. ஒரு மணி நேரம் ஆனது. முதலில் வந்தது சத்தம், காய்ந்த சருகு நகர்கிற மாதிரி. வளைவைத் தாண்டித் தெரிந்தபோது தண்ணீராகவே இல்லை. பிளாஸ்டிக் பாட்டில், தெர்மாகோல், சருகு, நுரை எல்லாம் சேர்ந்த ஒரு சுவர் ஊர்ந்து வந்தது. கல்தூணில் முட்டி நின்றது. பக்கத்து வயலில் நின்ற ஒருவர் மண்வெட்டியோடு இறங்கி வந்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இரண்டு பேருமாகக் குப்பையை வாரிக் கரையில் போட்டோம். கால் மணி நேரம் இருக்கும். பின்னால் வந்த தண்ணீர் முழங்கால் வரை ஏறியது, கலங்கல் குறைந்தது, குளிர்ந்தது. அவர் மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு மடைப்பக்கம் நடந்தார். பூண் சத்தம் கேட்டது.